கம்பைலர் என்னும் மொழிமாற்றியும் அதன் எல்லைகளும்

கணிப்பொறி புகாத துறை இக்காலத்து ஒன்றும் இல்லை. வங்கியின் கணக்கும், வானிலையின் கணிப்பும், மருத்துவமனைக் கருவிகளின் இயக்கமும், நம் கல்லூரித் தேர்வின் மதிப்பெண் பட்டியலும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆயினும் அப்பொறி தானாக ஒன்றையும் அறியாது. மனிதன் எழுதிக்கொடுத்த நிரலின்படியே ஒழுகும். அந்நிரலோ மனிதன் படித்தறியத்தக்க மொழியில் எழுதப்பெறுவது. பொறி அறிவதோ சுழியும் ஒன்றும் ஆகிய இரு குறிகளால் அமைந்த கட்டளைகளை மட்டுமே. இவ்விரண்டற்கும் இடைநின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதே கம்பைலர் எனப்படும் மென்பொருள். தமிழில் அதனைத் தொகுப்பி என்றும் நிரல்பெயர்ப்பி என்றும் கூறுவர். மாணவர் வழக்கில் ஊன்றிய பெயர் கம்பைலர் என்பதே ஆதலின் அப்பெயரே ஈண்டும் வழங்கப்பெறும்.

ஒரு மாணவன் தன் ஆராய்ச்சிக்காக ஒரு நிரலை எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். அதனை ஆய்வகத்திலுள்ள பழைய கணிப்பொறியில் ஓட்டி, வந்த விடைகளைத் தன் ஏட்டிற் பதிந்து ஆசிரியரிடம் ஒப்புவிக்கிறான். ஆசிரியர் அதே நிரலைத் தம் புதிய பொறியில் ஓட்டிப் பார்க்கிறார். விடைகளின் கடைசி இலக்கங்கள் வேறுபடுகின்றன. ஓரிடத்தில் அச்சிறு வேறுபாடே காரணமாக நிரல் வேறொரு கிளையிற் சென்று முற்றிலும் மாறான எண்ணைத் தருகிறது. ஆசிரியர் யாது நினைப்பார்? மாணவன் எண்களைத் திருத்திவிட்டான் என்றே ஐயுறுவார். மாணவனோ தான் ஓர் இலக்கத்தையும் தொடவில்லை என்று கண்ணீரோடு சாதிப்பான். இருவரும் தாம் கண்டதையே கூறுகின்றனர். இடையே நின்று மொழிபெயர்த்த மூன்றாமவரை மட்டும் இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு மாணவனின் நேர்மைக்கு இழுக்கு வரத்தக்க இவ்விடத்தில், கம்பைலரின் எல்லைகளை அறிந்திருப்பது வீண் அறிவு ஆகாது என்பது வெளிப்படை. ஆகவே அவ்வெல்லைகளுட் சிலவற்றை இயன்ற அளவு எளிமையாக விளக்க முற்படுகின்றோம்.

கம்பைலரின் அமைப்பு

1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் தம் 704 என்னும் கணிப்பொறிக்கென ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டனர். ஜான் பாக்கஸ் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழுவினர் அதனை இயற்றினர். கைதேர்ந்தார் எழுதும் பொறிக்கட்டளைகளுக்கு நிகரான வேகம் இல்லையேல் எவரும் தம் கம்பைலரைக் கையாளமாட்டார் என்னும் அச்சம் அக்குழுவினர்க்கு இருந்தது. ஆதலின் விரைவாக ஓடும் கட்டளைகளை உண்டாக்குவதிலேயே அவர்கள் பெரும்பாடு பட்டனர். வேகத்தின்மேல் வைத்த அக்கண் இன்றுவரை கம்பைலர் இயற்றுவோரைவிட்டு அகலவில்லை. பின்னர்க் கூறப்போகும் குறைகளுட் பல அதனினின்றே பிறந்தவை.

கம்பைலர் மூன்று பகுதிகளை உடையது. முன்பகுதி நிரலைப் படித்து, சொற்களைப் பிரித்து, இலக்கணத்தோடு ஒத்துப் பார்த்து, பொருள் கொண்டு, ஓர் இடைமொழியில் எழுதித் தரும். இடைப்பகுதி அவ்விடைமொழி நிரலைச் சுருக்கியும் செப்பஞ்செய்தும் விரைவுபடுத்தும். பின்பகுதி அதனைக் குறித்த ஒரு பொறியின் கட்டளைகளாக ஆக்கும். இதனைக் கட்டளையாக்கி என்றும் கூறலாம்.

இங்ஙனம் பகுத்தமைக்குக் காரணம் யாது? நிரல்மொழிகள் 5 என்றும், பொறிவகைகள் 6 என்றும் கொள்வோம். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியே கம்பைலர் செய்யப்புகின் 30 கம்பைலர்கள் வேண்டும். நடுவே ஓர் இடைமொழி வகுத்துக்கொண்டாலோ 5 முன்பகுதியும் 6 பின்பகுதியுமாக 11 பகுதிகளே போதும். இவ்வெண்ணம் பழையது. எல்லா மொழிகளுக்கும் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாக அன்கோல் என்னும் ஒரே இடைமொழியை வகுக்கலாம் என்று 1958-ஆம் ஆண்டிலேயே அறிஞர் சிலர் கூறினர். அது முழுமையாக வகுக்கப்பெறவே இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனி மரபு உண்டு. ஒவ்வொரு பொறிக்கும் தனி இயல்பு உண்டு. அனைத்தையும் ஏற்கப் புகுந்த இடைமொழி அளவின்றிப் பெருகும், அன்றேல் சிலவற்றை விட்டுவிடும்.

ஆயினும் ஒரு குடும்பத்துக்குள் இம்முறை நன்கு பயன்பட்டுளது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி.ஸி.ஸி. கம்பைலர் முதலில் ஸி மொழி ஒன்றற்கே உரியதாயிருந்தது. பின்னர் ஸி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான், ஏடா, கோ, டி முதலிய மொழிகளின் முன்பகுதிகள் அதனோடு சேர்ந்தன. 2025-ஆம் ஆண்டில் கோபால் மொழியும் சேர்ந்தது. ஜாவாவின் முன்பகுதி மட்டும் 2017-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் நீக்கப்பெற்றது. நிரலை இக்கம்பைலர் ஜெனரிக், கிம்பிள், ஆர்.டி.எல். என்னும் மூன்று வடிவங்களில் படிப்படியாக மாற்றும். இதன் மூலநிரல் எவரும் காணுமாறு வெளியிடப்பெற்றிருத்தலாலும், இதன் குறைகளும் எவரும் படிக்குமாறு எழுதிவைக்கப்பெற்றிருத்தலாலும், நாம் எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் இதனினின்றே கொள்வோம்.

முன்பகுதியின் இடர்ப்பாடுகள்

முன்பகுதியின் முதற்கடமை சொற்களைப் பிரித்தல். இஃது எளிதன்று என்பதைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாமரை என்பது ஒரு சொல்லாயின் மலர். தா மரை எனப் பிரிப்பின் தாவும் மான். முன்னும் பின்னும் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

பழைய ஃபோர்ட்ரானில் சொற்களுக்கிடையே விடும் வெற்றிடத்திற்குப் பொருளே இல்லை. "டூ 10 ஐ = 1, 10" என்று எழுதின், பத்தாம் எண்ணிட்ட வரிவரை உள்ள கட்டளைகளைப் பத்து முறை திரும்பச் செய்க என்று பொருள். காற்புள்ளிக்கு மாறாக ஒரு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால், "டூ10ஐ" என்னும் பெயருள்ள மாறிக்கு 1.10 என்னும் மதிப்பைக் கொடு என்று பொருளாகிவிடும். அம்மொழியில் மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டுவதில்லை ஆதலின் கம்பைலர் ஒரு பிழையும் கூறாது. பத்து முறை நிகழவேண்டுவது ஒருமுறை நிகழும். இஃது எழுதினவனுடைய பிழையே. ஆயினும் அதனைக் கண்டுபிடிக்க வழியில்லாதபடி மொழியை வகுத்தது அவன் பிழை அன்று. 1990-ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரானில் வகுத்த புதிய எழுத்துமுறையில் வெற்றிடத்திற்குப் பொருள் தரப்பெற்றது.

ஸி மொழியிலும் இத்தகைய ஐயப்பாடு உண்டு. "அ * ஆ;" என்னும் வரியைக் காண்க. அ என்பது ஒரு மாறியாயின் இஃது ஆ-வோடு பெருக்கல். அ என்பது ஒரு வகையின் பெயராயின், ஆ என்னும் சுட்டியை அறிவிக்கும் வாக்கியம். இவற்றுள் யாது என்பதை இலக்கணம் மட்டும் கொண்டு துணிதல் இயலாது. அ என்னும் பெயர் மேலே எவ்வாறு அறிவிக்கப்பெற்றது என்று முன்பகுதி நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஸி பிளஸ் பிளஸ் மொழியில் இவ்விடர் பன்மடங்கு பெருகியது. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு அச்சு வடிவங்களை முடிக்கும் இரு கூர்ங்குறிகள் அடுத்தடுத்து நிற்பின், முன்பகுதி அவற்றை ஒரே குறியாகக் கொண்டு, பிட்டுகளை வலப்புறம் தள்ளும் செயல் என மயங்கும். 2011-ஆம் ஆண்டில் மொழியின் நியமம் திருத்தப்பெறும்வரை, இரண்டற்கும் நடுவே ஒரு வெற்றிடம் இடுதல் நிரலர்க்கு வழக்கமாயிருந்தது.

மற்றொரு வகைக் குறையும் உண்டு. நியமம் எழுதுவோர் ஒன்றை விதிப்பர். கம்பைலர் இயற்றுவோரால் அதனை நிறைவேற்றுதல் அரிதாகும். 1998-ஆம் ஆண்டின் ஸி பிளஸ் பிளஸ் நியமம், அச்சு வடிவங்களை ஒரு கோப்பில் வரையறுத்து மற்றொரு கோப்பிற் பயன்படுத்துதற்கு எக்ஸ்போர்ட் என்னும் சொல்லை விதித்தது. ஜி.ஸி.ஸி. அதனை ஒருபோதும் நிறைவேற்றவில்லை. எடிசன் டிசைன் குரூப் என்னும் கம்பெனியார் மட்டுமே தம் முன்பகுதியில் அதனைச் செய்து முடித்தனர். முடித்தபின், இத்துணை உழைப்பிற்குத் தக்க பயன் இதனால் இல்லை என்று பிறர்க்கும் அறிவுறுத்தினர். 2011-ஆம் ஆண்டின் நியமத்தில் அவ்விதி நீக்கப்பெற்றது. சட்டம் எழுதுதல் எளிது, நடத்துதல் அரிது என்பது நிரல்மொழிக்கும் பொருந்தும் போலும்.

இனி நம் மொழியோடு உண்மையான தொடர்புடைய ஒன்றைக் கூறுவோம். பலகாலம் மாறிகளின் பெயர்களை ஆங்கில எழுத்துக்களிலேயே எழுத வேண்டியிருந்தது. 2020-இல் வெளிவந்த ஜி.ஸி.ஸி. பத்தாம் பதிப்பு முதல், பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே நேராக எழுதலாம். "தொகை" என்று ஒரு மாறிக்குப் பெயரிடுதல் இன்று கூடும். ஆனால் இதனுள் ஒரு கண்ணி உண்டு. யூனிகோடு முறையில் "தொ" என்னும் எழுத்தை இரு வழியாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றும். யூனிகோடு விதியும் இரண்டும் சமம் என்றே கூறும். கம்பைலரோ குறிகளின் எண்களையே ஒப்புநோக்குதலின், அதற்கு இவை இரு வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் ஒருவர் அறிவித்த "தொகை"யை வேறொரு விசைப்பலகையில் மற்றொருவர் பயன்படுத்தின், அப்படி ஒரு பெயர் இல்லை என்று கம்பைலர் சொல்லும். எத்துணை நேரம் உற்று நோக்கினும் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. இதனை உணர்ந்தே ஜி.ஸி.ஸி. சேர்ந்த வடிவில் எழுதப்பெறாத பெயர்களைக் கண்டால் எச்சரிக்கை விடுக்கின்றது. பைதான் மொழியோ பெயர்களை எல்லாம் முதலில் ஒரே வடிவிற்கு மாற்றிக்கொள்ளுதலின் இவ்விடரினின்று தப்பியது. தமிழில் நிரல் எழுத விழையும் மாணவர் அவ்வெச்சரிக்கையைப் புறக்கணியாதிருப்பாராக.

பின்பகுதியின் இடர்ப்பாடுகள்

முன்பகுதி எழுதினவனுடைய கருத்தைச் சரியாக உணர்ந்தாலும், பின்பகுதி தன் பொறியின் இயல்பால் கட்டுண்டது. நாம் தொடக்கத்திற் கூறிய மாணவனுக்கு நேர்ந்த இடர் இப்பகுதியைச் சேர்ந்தது.

இன்டெல் கம்பெனியார் 1980-இல் 8087 என்னும் கணக்குத் துணைப்பொறியை வெளியிட்டனர். அதன் பதிவகங்கள் ஒவ்வொன்றும் 80 பிட் அகலமுடையன. எண்ணின் இலக்கங்களைக் காட்டுதற்கு அவற்றுள் 64 பிட் உண்டு. நிரலர் வழக்கமாகக் கையாளும் இரட்டை நுட்ப எண்ணோ நினைவகத்தில் 64 பிட் இடமே கொள்ளும். அதன் இலக்கங்களுக்கு 53 பிட் நுட்பமே உண்டு. ஒரு பொற்கொல்லர் மில்லிகிராம்வரை காட்டும் தராசில் நிறுக்கிறார். கணக்கேட்டிலோ கிராமளவே எழுத இடமுண்டு. தராசில் உள்ள பொன்னையும் ஏட்டில் எழுதிய எடையையும் ஒப்பிட்டால் வேறுபாடு தோன்றாது இருக்குமோ? அதுபோலவே, பதிவகத்தில் உள்ள ஓர் எண்ணும், நினைவகத்திற்குச் சென்று மீண்ட அதே எண்ணும் சமமல்ல என்று நிரல் கூறிவிடும்.

இதன்கண் பெரிய கொடுமை யாதெனின், எந்த எண் எப்பொழுது நினைவகத்திற்குச் செல்லும் என்பதை நிரலர் அறியார். அது கட்டளையாக்கியின் விருப்பம். செப்பஞ்செய்யும் அளவை மாற்றினால் விடை மாறும். பிழையைத் தேடுவதற்காக எண்ணை அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தாலோ, அவ்வரியின் பொருட்டு எண் நினைவகத்திற்குச் சென்று வருதலால், தேடிய பிழையே மறைந்துவிடும். ஜி.ஸி.ஸி.யின் பிழைப் பதிவேட்டில் 323 என்னும் எண் பெற்ற முறையீடு இதுவே. 2000-ஆம் ஆண்டில் பதியப்பெற்ற அம்முறையீட்டோடு, இதனையே வேறு வேறு வடிவில் கண்டு முறையிட்டோருடைய பதிவுகள் பற்பல பின்னர் இணைக்கப்பெற்றன. இது கம்பைலரின் பிழையன்று, பொறியின் இயல்பே என்று வாதித்தோரும் உளர். பிற்காலத்துப் பொறிகளில் எஸ்.எஸ்.ஈ.2 என்னும் புதிய பதிவகங்கள் அமைந்து, கணக்குகள் 64 பிட் அளவிலேயே நடைபெறலாயின. பழைய வகைப் பொறிகளுக்கும் நியமத்தின்படி ஒழுகும் ஒரு தெரிவு, ஸி மொழிக்கு 2010-இல் ஜி.ஸி.ஸி. 4.5 பதிப்பிலும், ஸி பிளஸ் பிளஸ் மொழிக்கு 2023-இல் பதின்மூன்றாம் பதிப்பிலும் அளிக்கப்பெற்றது. முறையீட்டிற்கும் முழுத் தீர்வுக்கும் இடையே சென்ற காலத்தை நோக்குக.

இனிப் பக்கத்திலிருப்போர்க்கு இழைக்கும் தீங்கு ஒன்று உண்டு. 1992-இல் வெளிவந்த ஆல்ஃபா என்னும் பொறிக்கு ஒரு பைட் அளவைத் தனியே எடுக்கவோ வைக்கவோ கட்டளை இல்லை. 32 அல்லது 64 பிட்டுகளை ஒருங்கே எடுத்து, வேண்டிய பைட்டை மட்டும் மாற்றி, முழுவதையும் மீண்டும் வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எட்டுப் பேருடைய கணக்கு எழுதிய பேரேடு ஒன்றை நினைக்க. ஒருவருடைய வரியைத் திருத்தவேண்டிய எழுத்தர் பக்கம் முழுவதையும் வேறொரு தாளிற் படியெடுத்து, அவ்வொரு வரியை மாற்றி, புதிய தாளைப் பேரேட்டில் ஒட்டுகிறார். அவர் படியெடுத்துக்கொண்டிருக்கும்போது வேறோர் எழுத்தர் வந்து அடுத்த வரியைத் திருத்திச் சென்றாரானால், அத்திருத்தம் அழிந்துபோம். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடைபெறும் நிரல்களில் இத்தகைய அழிவு நேர்தல் கூடும்.

இது பழைய பொறியின் குறையோடு ஒழிந்திலது. 2012-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்க நிரலை இயற்றுவோர் இட்டேனியம் பொறியில் இதனையே கண்டனர். பூட்டாக விளங்கும் 32 பிட் மாறி ஒன்றன் அருகே ஒரு சிறு பிட்டுப் புலம் இருந்தது. அப்புலத்தை மாற்றுதற்கு ஜி.ஸி.ஸி. 64 பிட்டுகளையும் எடுத்துத் திரும்ப வைத்தது. அதற்குள் வேறொருவர் மாற்றிய பூட்டின் நிலை பழையபடி ஆகிவிட்டது. பொறிக்குச் சிறிய அளவை எடுக்க வன்மை இருந்தும், விரைவு கருதிக் கம்பைலர் இங்ஙனம் செய்தது. அடுத்துள்ள மாறியைத் தொடலாகாது என்று 2011-ஆம் ஆண்டின் ஸி, ஸி பிளஸ் பிளஸ் நியமங்கள் விதித்துள்ளமையால், பின்வந்த பதிப்புகளில் இது திருத்தப்பெற்றது.

பதிவகங்களின் பற்றாக்குறையும் ஈண்டுக் கூறத்தக்கது. பழைய 32 பிட் இன்டெல் பொறியில் பொதுப் பதிவகங்கள் 8. பின்வந்த 64 பிட் பொறியில் 16. நிரலில் உள்ள மாறிகளோ நூற்றுக்கணக்கானவை. எவற்றைப் பதிவகத்தில் இருத்துவது, எவற்றை நினைவகத்திற்கு அனுப்புவது என்பதைக் கட்டளையாக்கி துணிய வேண்டும். ஒரு தேசப் படத்தில் அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே வண்ணம் வாராதபடி தீட்டும் கணக்கோடு இஃது ஒத்தது என்று ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த கிரெகரி சைட்டின் என்பாரும் பிறரும் 1981-இல் எழுதினர். ஒரே காலத்தில் உயிரோடிருக்கும் இரு மாறிகள் அடுத்தடுத்த நாடுகள், பதிவகங்கள் வண்ணங்கள். எல்லா நிரல்களுக்கும் மிகச் சிறந்த தீர்வை விரைவிற் காணும் வழி இக்கணக்கிற்கு இதுவரை கிடைத்திலது. ஆதலின் கம்பைலர் ஏறக்குறைய நல்லது என்னும் தீர்வோடு அமைகின்றது.

விரைவு தேடுதலால் வரும் கேடு

இடைப்பகுதி செய்யும் செப்பத்தினாலும் இடர் உண்டு. சில செயல்களின் விளைவு இன்னதென நியமம் வரையறுக்கவில்லை. அத்தகைய செயல் நிரலில் நிகழவே நிகழாது என்று கொண்டு கம்பைலர் மேலே நடக்கும். 2009-ஆம் ஆண்டில் லினக்ஸ் நிரலின் ஒரு பகுதியில், ஒரு சுட்டியின் வழியே ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் அச்சுட்டி வெறுமையோ என்று சோதித்திருந்தனர். வரிகள் முன்பின்னாக அமைந்தமை நிரலருடைய பிழையே. ஆனால் கம்பைலர் எண்ணியது வேறு: வெறுஞ்சுட்டி வழியே மதிப்பை எடுத்தல் வரையறையில்லாத செயல், இவரோ எடுத்துவிட்டார், ஆகவே சுட்டி வெறுமையாயிருத்தல் இயலாது, ஆகவே சோதனை வேண்டுவதில்லை. இங்ஙனம் முடிவுசெய்து அச்சோதனையையே நீக்கிவிட்டது. காவலன் இன்றி நின்ற அவ்வாயிலின் வழியே அயலார் புகுந்து பொறி முழுவதையும் கைப்பற்ற வழி உண்டாயிற்று. அதன்பின் லினக்ஸ் இயற்றுவோர், இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலர்க்குக் கட்டளையிடும் தெரிவைத் தம் நிரலுக்கு மேற்கொண்டனர்.

குறையற்ற கம்பைலர் கூடுமோ?

இத்துணைக் குறைகளும் ஒருநாள் நீங்கிவிடுமோ எனின், இரு வகையாக விடை கூறலாம். மிகச் சிறந்த செப்பஞ்செய்யும் கம்பைலர் ஒருபோதும் கூடாது. என்னை? யாதொரு விடையும் தராது முடிவின்றிச் சுழலும் நிரல் எதனைக் கொடுத்தாலும், அத்தகைய கம்பைலர் அதனை மிகச் சிறிய ஒரே சுழலாகச் சுருக்கித் தரவேண்டும். அங்ஙனம் சுருக்குதற்கு, அந்நிரல் முடிவுறாது என்பதை அது முன்னரே அறிதல் வேண்டும். எந்நிரலையும் நோக்கி, இது முடிவுறுமா முடிவுறாதா என்று துணிந்து கூறும் பொதுவழி இல்லை என்று 1936-ஆம் ஆண்டிலேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். ஆகவே கம்பைலர் இயற்றுவோர்க்கு என்றும் வேலை உண்டு.

ஆனால் விரைவு சிறிது குறைந்தாலும் பொருளை மாற்றாத கம்பைலர் கூடும். பிரான்சு தேசத்தில் ஸேவியே லெருவா என்பவரும் அவர் குழுவினரும் இயற்றிய காம்ப்ஸெர்ட் என்னும் ஸி கம்பைலர், மொழிமாற்றத்தில் பொருள் பிறழாது என்று கணித முறையால் நிறுவப்பெற்றது. அமெரிக்காவிலுள்ள யூட்டா பல்கலைக்கழகத்தார் ஸி-ஸ்மித் என்னும் கருவியால் எண்ணற்ற நிரல்களைத் தாறுமாறாக உண்டாக்கிப் பல கம்பைலர்களையும் சோதித்து, 2011-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மூன்று ஆண்டுகளில் அவர்கள் அறிவித்த புதிய பிழைகள் 325-க்கும் மேற்பட்டவை. அவர்கள் சோதித்த ஒவ்வொரு கம்பைலரும் எங்கேனும் தவறியது. காம்ப்ஸெர்ட்டிலும் சில பிழைகள் அகப்பட்டன. ஆயின் அவை நிறுவப்பெறாத பகுதிகளிலேயே இருந்தன. நிறுவப்பெற்ற இடைப்பகுதியிலோ, ஒரு பொறி ஆறு ஆண்டு உழைக்கும் அளவு சோதித்தும், தவறான கட்டளை ஒன்றும் அகப்படவில்லை. நிறுவிய இடம் நின்றது. நிறுவாத இடமே நெகிழ்ந்தது.

குறையை ஒப்புக்கொள்ளும் நூல்

நிற்க. ஜி.ஸி.ஸி.யின் கையேட்டில் தெரிந்த இடர்ப்பாடுகளைக் கூறும் ஓர் அதிகாரம் உண்டு. விற்பனைக்குரிய பொருளின் நற்பண்புகளை மட்டும் அச்சிடும் உலகில் இஃது ஒரு புதுமையே. அதில் குறைகள் வகைப்படுத்தப்பெற்றுள்ளன. உண்மையான பிழைகள் ஒரு வகை. பயனருடைய ஏமாற்றங்களும் தவறான எண்ணங்களும் மற்றொரு வகை; ஓர் எண் தனக்கே சமமாகாத வியப்பு இவ்வகையிலேயே கூறப்பெற்றுள்ளது. பலர் வேண்டியும் செய்ய விரும்பாத மாற்றங்கள் பிறிதொரு வகை. செயல்கூறு ஒன்று தரும் விடையை நிரலர் பயன்படுத்தாது விட்டால் எச்சரிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அச்சிடும் செயல்கூறும் ஒரு விடை தருகின்றது. அதனை யாரும் நோக்குவதில்லை. எச்சரிக்கப்புகின், அதனைத் தவிர்க்க விழையும் நிரலர் விடை வேண்டா என்று காட்டும் வகைமாற்றக் குறிகளை நிரலெங்கும் இட்டு நிரப்புவர் என்று காரணம் காட்டி மறுத்துள்ளனர். வெறுஞ்சுழலைப் பற்றிய குறிப்பும் உண்டு. ஒன்றும் செய்யாத சுழலை ஒருவர் எழுதுவது காலத்தைத் தாழ்த்துதற்கே ஆகும் என்று கருதி, முற்காலத்தில் அதனை நீக்காது விட்டனர். செப்பஞ்செய்யும் வன்மை பெருகியபின், பொருளுள்ள சுழலும் வெறுஞ்சுழலாகச் சுருங்குதல் உண்டு என்று கண்டு, அக்கொள்கையை மாற்றிக்கொண்டதையும் அதன்கண்ணே எழுதிவைத்தனர். இன்னது எம்மால் இயலவில்லை, இன்னது யாம் செய்யமாட்டோம், இன்னது யாம் முன்பு தவறாக எண்ணினோம் என்று பிரித்துக் கூறும் நூலை நம்பலாம்.

தொடக்கத்திற் கூறிய மாணவனிடம் மீள்வோம். அவன் செய்யத்தக்கன சில உண்டு. தன் ஏட்டில் விடையை மட்டும் எழுதாது, எக்கம்பைலர், எப்பதிப்பு, எத்தெரிவுகள், எப்பொறி என்பனவற்றையும் எழுதுக. இரு கம்பைலர்களாலும் இரு செப்ப அளவுகளாலும் நிரலை ஓட்டி விடைகளை ஒப்பிடுக. பின்ன எண்கள் இரண்டு சமமா என்று கேளாது, அவற்றின் வேறுபாடு ஒரு சிற்றளவிற்கு உட்பட்டதா என்று கேட்க. எச்சரிக்கைகளைப் படிக்காமல் விடாதிருக்க. ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: விடை மாறியது கண்டவுடன் மாணவனை ஐயுறாது, அவன் எழுதிய அவ்விவரங்களைக் கொண்டு தாமே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாராக. பழைய பொறியிற் பழைய தெரிவோடு ஓட்டும்போது அவன் தந்த எண்களே திரும்ப வருமாயின், அவனுடைய நேர்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.